பிங் போகிறது, எஸ்என்எம்பி மட்டும் பேசமாட்டேன் என்கிறது

சுவிட்ச், ரூட்டர், சர்வர் போன்ற கருவிகளின் நிலையைக் கேட்டறிய உதவும் நெறிமுறை எஸ்என்எம்பி. கண்காணிப்பு சர்வர் அவற்றிடம் அவ்வப்போது கேட்டுப் படிப்பது போலிங். அதில் தலைவலி தரும் பிழைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை, இந்த இதழில்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் புதிதாக ஒரு சிஸ்கோ சுவிட்ச் பொருத்தினோம். கண்காணிப்பு சர்வரிலிருந்து பிங் போகிறது. எஸ்என்எம்பி மட்டும் ‘டைம்அவுட்’ என்கிறது. டைம்அவுட்டை 20 நொடியாக உயர்த்திப் பார்த்தேன், என் லேப்டாப்பிலிருந்தும் முயன்றேன். பலனில்லை. சுவிட்ச்சையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், துவாஸ்

பதில்: சுவிட்ச்சைத் தொட வேண்டாம். முதல் வேலையாக டைம்அவுட்டைப் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள். நெட்-எஸ்என்எம்பி கருவிகளின் இயல்பான அளவு 1 நொடி, மறுமுயற்சி 5. அதாவது பதில் வராத ஒரு கருவிக்காக 6 நொடி காத்திருக்கும். நீங்கள் அதை 20 ஆக்கியதால் ஒரே கேள்விக்கு 2 நிமிடம் போய்விடும். அந்த நேரத்தில் நன்றாக ஓடும் மற்ற கருவிகளின் முறையும் தள்ளிப்போகும். உள்ளூர் நெட்வொர்க்கில் 2 நொடிக்குள் வராத பதில் 20 நொடியிலும் பெரும்பாலும் வராது.

பிங் போவதால் எஸ்என்எம்பியும் போகும் என்று சொல்ல முடியாது. பிங் ஐசிஎம்பி என்ற நெறிமுறையில் போகிறது, எஸ்என்எம்பி கேள்வி யுடிபி என்ற வேறொரு நெறிமுறையின் 161ஆம் போர்ட்டில் போகிறது. ஃபயர்வால் ஒன்றை விட்டு மற்றதைத் தடுக்கலாம். இன்னொன்றும் உண்டு: எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பில் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் தவறாக இருந்தால், கருவிக்குள் பதில் சொல்லும் நிரலான ஏஜென்ட் ‘தவறு’ என்றுகூடச் சொல்லாது, கேள்வியைக் கேட்காததுபோல் இருந்துவிடும். அதுவும் உங்கள் திரையில் டைம்அவுட் என்றுதான் விழும்.

லேப்டாப்பில் சோதித்தது வீண். சுவிட்ச்சில் கம்யூனிட்டி வரியின் கடைசியில் ஓர் அணுகல் பட்டியலின் எண் இருக்கும். அந்தப் பட்டியலில் கண்காணிப்பு சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி தருவதுதான் வழக்கம். எல்லாம் சரியாக இருந்தாலும் லேப்டாப்புக்குப் பதில் வராது. எனவே கண்காணிப்பு சர்வரிலேயே இரண்டு திரைகளைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில், பாக்கெட்டுகள் போவதையும் வருவதையும் காட்டும் டிசிபிடம்ப் ஓடட்டும், அந்தச் சுவிட்ச்சின் முகவரிக்கும் யுடிபி 161க்கும் மட்டும். மற்றதில் எஸ்என்எம்பிகெட் கட்டளை கொண்டு ஒரே ஒரு ஓஐடியை (ஒரு மதிப்பைக் குறிக்கும் எண் வரிசை) கேளுங்கள்: 1.3.6.1.2.1.1.3.0. கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற மதிப்பு அது. எஸ்என்எம்பி பேசும் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இருக்கும்.

கேள்வி வெளியே போகிறது, பதில் வரவில்லை என்றால் சுவிட்ச்சுக்குள் நுழைந்து ‘ஷோ எஸ்என்எம்பி’ கட்டளையைக் கொடுங்கள். உள்ளே வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும், ‘அன்னோன் கம்யூனிட்டி நேம்’ என்ற எண்ணிக்கையும் அதில் தெரியும். மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் எண் ஏறவே இல்லையா? பாக்கெட் வழியில் எங்கோ நிற்கிறது, ஃபயர்வாலைப் பாருங்கள். இரண்டாவது எண் ஏறுகிறதா? கம்யூனிட்டி தவறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, ஒட்டும்போது சேர்ந்துவிட்ட இடைவெளி எல்லாவற்றையும் பாருங்கள். சொல்லில் டாலர் குறி இருந்தால் கட்டளையில் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் லினக்ஸ் ஷெல் அதை மாற்றி அனுப்பிவிடும். முதல் எண் மட்டும் ஏறினால் அணுகல் பட்டியலில் உங்கள் சர்வர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிசிபிடம்ப்பில் பதில் வருவது கண்ணுக்குத் தெரிந்தும் மென்பொருள் டைம்அவுட் என்றால் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, சர்வரிலேயே உள்ள ஃபயர்வால்; டிசிபிடம்ப் அதற்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். மற்றது, கருவிக்கு இரண்டு ஐபி முகவரிகள் இருந்து, நீங்கள் கேட்ட முகவரியை விட்டு இன்னொன்றிலிருந்து அது பதில் அனுப்புவது. பதிலை அனுப்பிய முகவரியைக் கவனமாகப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் கிடங்கின் இணைப்பு 1 கிகாபிட். பெரிய கோப்புகள் போகும் நேரத்திலும் வரைபடம் 114 மெகாபிட்டுக்கு மேல் ஏறுவதே இல்லை. இணையச் சேவை நிறுவனத்தோடு சண்டை போடலாமா?
– வாசகி, சாங்கி

பதில்: சண்டையைத் தள்ளிவையுங்கள். 114 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. உங்கள் மென்பொருள் 32 பிட் கவுண்டரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிறது.

அந்தக் கவுண்டர் 4,294,967,296 பைட் வரை எண்ணிவிட்டு மீண்டும் 0லிருந்து தொடங்கும். 300 நொடியில் ஒரு முழுச் சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 114.5 மெகாபிட். அதற்கு மேல் போனால் ஒரு சுற்று நடந்ததா, ஐந்து சுற்று நடந்ததா என்று மென்பொருளுக்குத் தெரியாது, மிச்சத்தைத்தான் வரையும். முழு 1 கிகாபிட் வேகத்தில் கவுண்டர் 34 நொடிக்கு ஒருமுறை சுற்றிவிடுகிறது.

தீர்வு 64 பிட் கவுண்டர். பழையது 1.3.6.1.2.1.2.2.1.10; உள்வரும் பைட்டுகளுக்குப் புதியது 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெளிச்செல்வதற்கு அதே வரிசையில் கடைசி எண் 10. இவற்றின் பின்னால் சுவிட்ச் போர்ட்டின் உள் எண்ணைச் (இஃப்இண்டெக்ஸ்) சேர்த்துக் கேளுங்கள். வி1 பதிப்பில் 64 பிட் கவுண்டரே கிடையாது என்பதால், மென்பொருளில் கருவி ‘வி1’ என்று பதிவாகியிருந்தால் வி2சி அல்லது வி3க்கு மாற்ற வேண்டும். பல இடங்களில் கோளாறு இந்த ஒரு தேர்வில்தான் இருக்கும். காக்டி என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோர் வரைபடத்தை உருவாக்கும்போது 64 பிட் என்று குறிப்பிட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

64 பிட் இல்லாத பழைய கருவி என்றால் போலிங்கை 60 நொடிக்கு இறக்கினால் 572 மெகாபிட் வரை நம்பலாம். அதற்கு மேல் போகும் இணைப்பில் பழைய கருவியை வைத்துக்கொண்டு அளக்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து 12 லினக்ஸ் விஎம்களை (மெய்நிகர் சர்வர்களை) உருவாக்கினோம். தணிக்கையில் கேட்டார்கள் என்று வி3க்கு மாறினோம். இப்போது ஒரு சர்வர் பதில் சொன்னால் இன்னொன்று ‘நாட் இன் டைம் விண்டோ’ என்கிறது. எல்லா சர்வர்களிலும் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியைச் சரிபார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வி3 பார்க்கும் நேரம் வேறு. ஏஜென்ட் எத்தனை முறை தொடங்கியது, கடைசியாகத் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்ற இரு எண்களைத்தான் அது பார்க்கும். கண்காணிப்பு மென்பொருள் இவற்றை ஒவ்வோர் ‘எஞ்சின் ஐடி’க்கும் (ஏஜென்ட்டின் அடையாளம்) தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளும். வித்தியாசம் 150 நொடியைத் தாண்டினால் நிராகரிப்பு.

டெம்ப்ளேட்டை நகலெடுத்தபோது எஞ்சின் ஐடியும் நகலாகிவிட்டது. 12 சர்வர்களையும் மென்பொருள் ஒரே ஆள் என்று நினைக்கிறது. முதல் சர்வரின் நேரத்தை இரண்டாவதிடம் காட்டினால் அது ஏற்றுக்கொள்ளுமா?

உறுதி செய்ய, ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைந்து 1.3.6.1.6.3.10.2.1.1.0 என்ற ஓஐடியைப் படியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மதிப்பு வந்தால் எஸ்என்எம்பிடி சேவையை நிறுத்துங்கள். உபுண்டு, டெபியனில் ‘வார்’ கோப்புறையின் ‘லிப்’பில் எஸ்என்எம்பிக்கென ஒரு கோப்புறை இருக்கும், அதில் உள்ள அமைப்புக் கோப்பில் ‘ஓல்ட் எஞ்சின் ஐடி’ வரியையும் பழைய வி3 பயனர் வரிகளையும் நீக்குங்கள். பயனரைப் புதிதாக உருவாக்கி, பிறகு சேவையைத் தொடங்குங்கள். சேவை ஓடும்போதே அந்தக் கோப்பைத் திருத்தினால், நிற்கும் நேரத்தில் அது தன் பழைய தகவலை மேலே எழுதிவிடும். பயனரை மறுபடி உருவாக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: கடவுச்சொல்லோடு எஞ்சின் ஐடியையும் சேர்த்துத்தான் சாவி தயாராகிறது, ஐடி மாறினால் பழைய சாவி செல்லாது. கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையக்கூடாது.

டெம்ப்ளேட்டிலும் அந்த வரிகளை நீக்கி வையுங்கள், இல்லாவிட்டால் 13ஆவது விஎம்மில் மீண்டும் வரும்.

வி3ஐக் கடினம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். கோளாறு பார்ப்பதில் அது வி2சியைவிட எளிது என்பது என் கருத்து. பயனர் பெயர் தவறு, கடவுச்சொல் தவறு, நேரம் தவறு என்று அது காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: பெங்களூருக் கிளையின் பெரிய சுவிட்ச்சை இங்கிருந்து விபிஎன் வழியாகப் படிக்கிறோம். போய்வர 40 மில்லிநொடி. ஒற்றை ஓஐடி உடனே வருகிறது. எல்லா மதிப்புகளையும் வரிசையாகப் படிக்கும் முழு வாக் பாதியில் நிற்கிறது, வரைபடத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.
– வாசகர், பாயா லேபார்

பதில்: இரண்டு பக்கமும் இழுக்கும் பிரச்சினை இது. ஒவ்வொரு மதிப்பாகக் கேட்டால் 6,000 மதிப்புகளுக்கு 240 நொடி ஆகும். 5 நிமிடப் போலிங்கில் மூச்சுவிட இடமிருக்காது. பல்க் முறையில் ஒரு கேள்விக்கு 20 மதிப்பு என்று கேட்டால் 300 கேள்விகள், 12 நொடி. ஆனால் 20, 25 மதிப்புகளைத் தாங்கிவரும் பதில் 1,500 பைட்டைத் தாண்டலாம். அப்போது அது துண்டாகும். விபிஎன்னில் அளவு இன்னும் குறைவு, துண்டுகளைத் தூக்கியெறியும் ஃபயர்வால்களும் உண்டு. சின்னப் பதில் வந்து பெரிய பதில் தொலைவது அதனால்தான். எப்போதும் ஒரே இடத்தில் வாக் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

மென்பொருளில் ஒரு கேள்விக்கு எத்தனை மதிப்பு என்று சொல்லும் ‘மேக்ஸ் ரெப்பிடிஷன்ஸ்’ அளவை 10க்கு இறக்குங்கள், போதாவிட்டால் 5. அதோடு சுவிட்ச்சில் ஒரு வியூ (எந்த ஓஐடிகளைப் படிக்கலாம் என்ற வரையறை) அமைத்து ரூட் அட்டவணையையும் (1.3.6.1.2.1.4.21) ஏஆர்பி அட்டவணையையும் (1.3.6.1.2.1.4.22) விலக்கிவிடுங்கள். போர்ட் வரைபடத்துக்கு இவை தேவையில்லை. சுவிட்ச்சின் சிபியுவை உறிஞ்சுவதும் பெரும்பாலும் இவைதான்.

கேள்வி: உபுண்டு சர்வரில் கருவியின் பெயரும் ஓடும் நேரமும் வருகின்றன, நெட்வொர்க் போர்ட் எதுவும் வரவில்லை.
– வாசகி, அங் மோ கியோ

பதில்: உபுண்டுவில் வரும் இயல்பான அமைப்பு ‘சிஸ்டம் ஒன்லி’ என்ற வியூவை மட்டும் திறந்துவிடுகிறது. அமைப்புக் கோப்பில் அந்த வியூவில் 1.3.6.1.2.1 முழுவதையும் சேர்த்துச் சேவையை மறுபடி தொடங்குங்கள். வேறு சர்வரில் எதுவுமே வராவிட்டால் அதே கோப்பில் ஏஜென்ட் முகவரி 127.0.0.1 (அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டும் கேட்கலாம்) என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ‘அன்னோன் ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபையர்’ என்று வருகிறது. ஃபயர்வாலைத் திறக்கச் சொல்லவா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். கேள்வி உங்கள் சர்வரை விட்டு வெளியே போகவே இல்லை. பெயரை எண்ணாக மாற்றும் மிப் கோப்பு உங்களிடம் இல்லை. எண்ணாகவே கேளுங்கள், வரும்.

கேள்வி: சுவிட்ச் மறுதொடக்கமான பிறகு வரைபடங்கள் போர்ட் மாறி நிற்கின்றன.
– வாசகர், ஜூரோங்

பதில்: போர்ட்டின் உள் எண் மறுதொடக்கத்தில் மாறிவிட்டது. சிஸ்கோவில் ‘இஃப்இண்டெக்ஸ் பெர்சிஸ்ட்’ வசதியை இயக்கிச் சேமியுங்கள். மென்பொருளில் போர்ட்டுகளை எண்ணால் அடையாளம் காணாமல் பெயரால் காணும்படி அமைத்துவிட்டு, ஒருமுறை மறுபடி கண்டறியச் சொல்லுங்கள்.

கேள்வி: மின்தடையே இல்லை. ஆனாலும் ஒரு ரூட்டர் ‘இப்போதுதான் மறுதொடக்கமானது’ என்று நள்ளிரவில் எச்சரிக்கை வந்தது.
– வாசகர், ஈசூன்

பதில்: அந்த ரூட்டர் தொடங்கி 497 நாள் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஓடும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணப்படுகிறது. 497 நாளில் நிரம்பி 0க்குத் திரும்பும். வி3 ஆதரவு இருந்தால் எச்சரிக்கையை 1.3.6.1.6.3.10.2.1.3.0க்கு மாற்றுங்கள். அது முழு நொடிகளில் எண்ணுவதால் 68 ஆண்டு தாங்கும்.