தீவுக் கிணற்றில் உப்பு ஏறுவது எப்படி? மதுரை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

லட்சத்தீவு, மாலத்தீவு போன்ற தாழ்வான பவளத் தீவுகளின் குடிநீர் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவை இவை.

மேலூர்: சுத்தியும் கடல். நடுவுல கிணறு தோண்டினா நல்ல தண்ணி வருமா அண்ணே?

வரும் தம்பி. அந்த மண் மணலும் பவளச் சுண்ணாம்பும்தான். மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே 40 அடி வரை இருக்கலாம் என்பது கணக்கு. அடியில் இரண்டும் கலந்துவிடுவதால் குடிக்கிற மாதிரி கிடைப்பது அதைவிடக் குறைவு.

உசிலம்பட்டி: அப்ப ஆழமா போர் போட்டு மோட்டார் வச்சா?

செய்யவே கூடாது. அந்தக் கணக்குத் திருப்பியும் அடிக்கும். மோட்டார் போட்டு நல்ல தண்ணீரின் மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் தெற்குத் தாராவாவில் பொன்றிக்கி என்ற இடத்தில் துளையிட்ட குழாய்களை நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாகப் பதித்து, மேலாக உள்ள தண்ணீரை மெதுவாக எடுக்கிறார்கள். அதுதான் சரியான வழி.

திருமங்கலம்: தீவு முழுகுறதுக்கு முன்னாடியே தண்ணி கெட்டுப்போகுமா?

ஆமாம் அக்கா, என் பெரிய கவலையே அதுதான். கடல் மட்டம் உயர உயர, புயல் நேரத்து அலை கரை தாண்டி ஊருக்குள் வரும். அந்த உப்புநீர் மேலிருந்தே மண்ணுக்குள் இறங்கும். 2004 சுனாமியில் மாலத்தீவின் பல தீவுகளில் கிணறுகள் இப்படித்தான் உப்பாயின. நல்ல மழை பெய்தால் உப்பு கழுவிப் போகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால்? தண்ணீர் இல்லாத தீவில் நிலம் மிச்சமிருந்து என்ன பயன்?

செல்லூர்: அங்கதான் மழை கொட்டுதே, அப்புறம் ஏன் பஞ்சம்?

பசிபிக் தீவு நாடான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் மதுரையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மழை. ஆனால் லா நினா, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகும் நிலை, வரும் ஆண்டுகளில் மாதக்கணக்கில் வானம் பொய்த்துவிடும். 2011இல் அங்கே அவசரநிலையே அறிவித்தார்கள். தேக்கி வைக்கப் பெரிய தொட்டி இல்லாவிட்டால் எத்தனை மழை பெய்தும் கணக்கில் வராது. மார்ஷல் தீவுகளின் மஜூரோவில் விமான ஓடுபாதையில் விழும் மழையைக்கூடப் பிடித்துத் தேக்குகிறார்கள்.

அனுப்பானடி: கடல்தண்ணிய சுத்திகரிச்சாப் போதாதா சார்?

உதவும். லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் 2005 முதல், ஆழ்கடலின் குளிர்ந்த நீரை வைத்து நாளுக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கும் நிலையம் உண்டு. அதை மட்டும் நம்பக் கூடாது. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த்தண்ணீர் இல்லாமல் தவிக்க, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. முதலில் மழைத்தொட்டி, அடுத்து கிணறு, கடைசியில்தான் இயந்திரம்.

வண்டியூர்: கக்கூஸ் தண்ணி கலக்காதா?

கலக்கும், ஏனென்றால் நல்ல தண்ணீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. நம்ம பக்கம் குடிநீர் ஊருணியில் குளிக்க விடமாட்டார்கள் அல்லவா, அங்கே அந்தக் கட்டுப்பாடு நிலத்துக்கே வேண்டும். தண்ணீர் எடுக்கும் இடத்தின் மேல் வீடு, கழிவறை, பன்றிக் கொட்டில் எதுவும் கூடாது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான வாடகை தராமல் வெளியேறச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள், போகவும் வேண்டியதில்லை.