சபையில் ஒருவரையொருவர் கனம்பண்ணுவது நடைமுறையில் எப்படி?

கேள்விக்குக் கீழே, "எங்கள் சபையில் பெரியவர்கள் வாலிபரை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் வாலிபர் ஐக்கியத்தில் ஏதோ பொறுப்பில் இருப்பீர்கள், போன மாதம் யாரோ ஒரு கமிட்டி மெம்பர் நாலு பேர் முன்னால் உங்களை ஏதோ சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. என் கணிப்பு தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நானும் அந்தக் கமிட்டி மெம்பர் ரகம்தான். தென்கோடியில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஒரு தவணை செயலாளராக இருந்தவன். அதனால் உங்கள் கேள்வி எனக்குச் சுருக்கென்று குத்தியது.

ரோமர் 12:10 உங்களுக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கும். "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்." ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வேதபாடத்தில் எங்கள் ஐயர் (சபைப் போதகர்) சொன்ன ஒரு விஷயம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. அங்கே கனம் என்று வருவது கிரேக்கத்தில் 'திமே' என்ற சொல்லாம். "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்று 1 கொரிந்தியர் 6:20-இல் வருகிறதே, அந்தக் கிரயமும் அதே சொல்தானாம். யூதாஸ் திருப்பி எறிந்த வெள்ளிக்காசைக் காணிக்கைப்பெட்டியில் போடலாகாது, அது இரத்தக்கிரயம் என்று ஆசாரியர்கள் சொல்கிறார்கள் அல்லவா, அங்கேயும் அதுதான். விலை, மதிப்பு, கனம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அன்றைக்கு என் மடியில் சபையின் வவுச்சர் புத்தகம் இருந்தது. ஆராதனை முடிந்ததும் சம்பளம் கொடுக்க வேண்டும். புத்தகத்தை மெல்ல மூடி, பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

காரணம், அதில் முதல் வவுச்சர் எங்கள் ஆலயத்தில் மணி அடிக்கிறவருடையது. மாதம் 1,800 ரூபாய். மணி அடிப்பது, கோயில் பெருக்குவது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் கூப்பிடுவது, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அண்டா கழுவுவது எல்லாம் அந்த 1,800-க்குள். வவுச்சரில் ஞானஸ்நானப் பெயரை முழுதாக, அழகான கையெழுத்தில் போடுவார். மாதாமாதம் அந்தக் கையெழுத்துக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் "மணியடி". சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முறைப்படி நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். "அண்ணாச்சின்னு கூப்பிட்டா வாய் வெந்தா போயிரும்?" என்று என் வீட்டுக்காரி பலமுறை கேட்டிருக்கிறாள். நான் வாத்தியார் உத்தியோகம் பார்த்தவன், ஊரே என்னை 'சார்' என்று கூப்பிடும். அந்தத் திமிர் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இது சாதி விஷயம்தானே, அதை ஏன் மறைக்கிறாய் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். அவரும் நானும் ஒரே ஆட்கள். கொஞ்சம் தூரத்துச் சொந்தமும்கூட. ஆனால் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் சாதி இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு போக வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அதற்காகத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவ்வளவு பழைய நோய் அது. நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்னது. ஒரே சாதி, ஒரே ஊர், ஒரே கல்லறைத் தோட்டம் என்றிருந்தும் ஒரு மனுஷனை எப்படி ஒன்றுமில்லாமல் ஆக்க முடிகிறது என்பது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனை எங்களுக்கு 4 மணிக்கு. முதல் மணி 3-க்கு அடிக்க வேண்டும். அந்த வருஷம் 3 ஆகி, 3.10 ஆகி, மணி இல்லை. வெளியூரிலிருந்து பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு நான் கோயில் வாசலில் நிற்கிறேன். கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கீதம் ஓடிக்கொண்டிருந்த மைக்செட்டை நிறுத்தச் சொல்லி, "மணி அடிக்கிற ஆள் எங்கே படுத்துத் தூங்குது? உடனடியாக ஆலயத்துக்கு வரவும்" என்று மைக்கில் சொன்னேன். 'தூங்குது' என்றுதான் சொன்னேன். ஆடு மாட்டுக்குச் சொல்வதுபோல. கோபுரத்தில் நாலு திசைக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. பனிக்காலம் வேறு. விடியற்காலையில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் எங்கேயும் தூங்கவில்லை. கோபுரத்துக்குள்தான் இருந்தார். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வாலிபர்கள் போட்டுவிட்டுப் போன டீ கப்புகளையும் சீரியல் லைட் அட்டைகளையும் பெருக்கி முடிக்கவே 1.30 ஆகியிருந்தது. முதல் மணிக்குக் கயிற்றை இழுத்ததும் மேலே அறுந்துவிட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அந்த வயதில் 40 அடி ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என் குரல் அவர் தலைக்கு மேலிருந்த புனலில் இருந்துதான் வந்திருக்கும். 3.20-க்கு மணி அடித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி வந்து, முகம் கழுவிவிட்டு, கயிற்றுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கயிறு நைந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று அவர் நவம்பரிலேயே சொல்லியிருந்தார். 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று மினிட்ஸில் எழுதியது என் கைதான். அதே கூட்டத்தில் 48,000 ரூபாய்க்கு ஒரு கீபோர்டு பாஸ் ஆனது. அந்தக் கீபோர்டைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. சொன்னால் வாலிபர்கள் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். நிறுத்தி நிதானமாகப் பாட வேண்டிய கீர்த்தனைக்கு அதில் இருக்கும் தாளப் பொத்தானை அமுக்கிவிட்டு, கல்யாண வீட்டு பேண்டுபோல ஓட்டுகிறார்கள். கிழவிகளுக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டாம் சரணத்துக்குமேல் யாரும் பாடுவதில்லை, கீபோர்டுதான் பாடுகிறது. இப்போது அதிலேயே மணிச் சத்தமும் இருக்கிறதாம், கோபுரமே வேண்டாமாம். விடுங்கள், கேள்வி அது இல்லை.

மன்னிப்புக் கேட்டேனா? உடனே இல்லை. எங்கள் ஊர்களில் எல்லாத் தப்புக்கும் ஒரே மருந்து சால்வைதான். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், மைக்செட்காரர் என்று 22 பேருக்குச் சால்வை. அவரை இருபத்து மூன்றாவதாக நானே சேர்த்தேன். கூப்பிட்டார்கள், வந்தார், குனிந்து வாங்கிக்கொண்டார். என் மனசு லேசாகிவிட்டது. ரொம்பப் பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் சம்சாரம் முட்டை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது என்னைப் பார்த்து, "சால்வை நல்லாருக்கு சார்" என்றார்கள். அப்புறம் வாசல்படியில் நின்றுகொண்டு, "அன்னைக்கு நீங்க மைக்குல பேசுனது விலக்குல டீக்கடை வரைக்கும் கேட்டுச்சாம்" என்றார்கள். அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. விலக்கு என்றால் மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடம். அந்த டீக்கடை எங்கள் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர்.

அதற்குப் பிறகும் லெந்து நாட்கள் வரை இழுத்தடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் வாசித்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் பெயரை முழுதாகச் சொல்லி, 'அவர்கள்' என்று சேர்த்து, "கிறிஸ்மஸ் அன்று மணி தாமதமானது அவர்கள் தூங்கியதால் அல்ல, கயிறு அறுந்ததால். கயிறு கேட்டும் வாங்கிக் கொடுக்காதது செயலாளர்" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தப் பெயர் யாருடையது என்றே பலருக்குத் தெரியவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கமிட்டியில் ஒரு பெரியவர், "செயலாளர் பதவிக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா தம்பி" என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம், தெரியவில்லை.

அன்றைக்குத் திருவிருந்து, அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை. உங்கள் சபையில் எப்படியோ, எங்கள் முறைமையில் சமாதானம் கொடுத்தல் உண்டு. இது சிஎஸ்ஐ திருவிருந்து முறைமையில் தொடக்கத்திலிருந்தே இருப்பது. 1947-இல் சபைகள் ஒன்றான பிறகு எழுதி, 1950-இல் மதுரையில் கூடிய சினாட்டில்தான் (திருச்சபையின் பொதுப் பேரவை) அந்த முறைமையை முதன்முதலில் பயன்படுத்தினார்கள். ஐயர் தன் வலது உள்ளங்கையை அடுத்தவர் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார், இருவரும் இடது கையால் மூடிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து வரிசை வரிசையாக அது பின்னால் வரும். செயலாளர் என்று நான் எப்போதும் கடைசி பெஞ்சில், வாசலோரமாக உட்காருவேன். சமாதானம் என்னிடம் வந்து நிற்கும். எனக்குப் பின்னால் நாலு எட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். செயலாளராக இருந்த அத்தனை ஞாயிறும் அது என்னோடு நின்றுவிட்டது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எழுந்து போனேன். அவர் பதறிவிட்டார். கையை வேட்டியில் துடைத்தார். நான் கையை நீட்ட, அவர் கும்பிட, நான் கும்பிட, அவர் கையை நீட்ட, கடைசியில் ஏதோ இரண்டு கையும் கோணலாகச் சேர்ந்தது. உள்ளங்கை பனைமட்டைபோலக் காய்த்திருந்தது. "அண்ணாச்சி" என்றேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. "பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க சார், போங்க" என்றார்.

பெந்தெகொஸ்தே சகோதரர்கள் "இதெல்லாம் சம்பிரதாய சபைகளின் பிரச்சினை, எங்களிடம் எல்லாரும் பிரதர் சிஸ்டர்தான்" என்று எழுதுவீர்கள். சந்தோஷம். உங்கள் பாஸ்டருக்கு மழையில் குடை பிடிக்கிற பிரதரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியவர்கள் உங்களை மதிக்க வைக்க என்ன வழி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பொறுப்பில் இருந்தால், அடுத்த அசனத்தில் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்து பாருங்கள். முதல் பந்தி விருந்தாளிக்கு, ஐயருக்கு, கமிட்டிக்கு. சமைத்தவர்களும் அண்டா கழுவுகிறவர்களும் சாப்பிட உட்காரும்போது சாயங்காலம் 4 மணி ஆகியிருக்கும். கறி இருக்காது, குழம்பு இருக்கும். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறியாயிருந்தான் என்று பவுல் கோபப்பட்டது ஏதோ ஆதிகாலத்துச் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் வெறி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் கடைசியில் உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லவில்லை. கறி வைத்திருக்கச் சொல்லி ஒரு வார்த்தையாவது உங்கள் வாயிலிருந்து வரும்.

கயிறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாங்கினேன். நானே தூத்துக்குடி போய், கடையில் இருந்ததிலேயே விலை கூடிய நைலான் கயிறு, 60 அடி. ஆயுசுக்கும் அறாது என்று கடைக்காரர் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தபோது தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கயிறு சார்" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை ஆராதனைக்குச் சீக்கிரம் போனபோதுதான் பார்த்தேன். நைலான் வழுக்கும், இழுக்க இழுக்கக் கையைச் சுடும். முன்பிருந்தது பருத்திக் கயிறு. எது வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கை பிடிக்கிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஏதோ துணியை இறுக்கிச் சுற்றித் தைத்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்ட, வருஷப் பிறப்பில் நான் போட்ட சால்வை.