வாசகர் கேள்வி – பதில்: நச்சு உலோகங்களைப் பிடிக்கும் பிசின் மணிகள்

கேள்வி: எங்கள் வீடு பினாங்கு மாநிலத்தின் ஜூரு ஆற்றுக்குப் பக்கத்தில் உள்ளது. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் என் மகள், ஆற்று நீர் மாதிரிகளிலிருந்து ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைப் பிசின் (ரெசின்) மணிகளால் பிரித்தெடுக்கும் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறாள். எங்கள் வீட்டு நீர் வடிகட்டியிலும் பிசின் இருப்பதாக விற்பனையாளர் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா? வடிகட்டிய நீரில் ஊறவைத்தால் கெராங்கில் (சேற்றில் வளரும் மட்டி வகை) இருக்கும் உலோகமும் நீங்கிவிடுமா?
– ஒரு வாசகி, செபராங் பிறை

பதில்: தாயும் மகளும் ஒரே ஆற்றைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் செய்யும் வேலை வேறு.

வீட்டு வடிகட்டிகளில் பிசின் இருந்தால் அது பெரும்பாலும் நீரின் கடினத்தன்மையைக் குறைப்பதற்கான சாதாரண வகையாகவே இருக்கும். ஸ்டைரீன், டைவினைல்பென்சீன் ஆகியவற்றைப் பிணைத்துச் செய்த பலபடி (பாலிமர்) மணிகளில் சல்போனிக் தொகுதிகளைப் பதித்திருப்பார்கள். அத்தொகுதிகள் தம்மிடமுள்ள சோடியத்தை விட்டுவிட்டு, நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தையும் ஏற்கும்தான். ஆனால் ஈயம் ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும்போது கால்சியம் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருப்பதால், மணிகளின் இடங்களெல்லாம் கால்சியத்தாலேயே நிரம்பிவிடும்.

உங்கள் மகள் பயன்படுத்துவது பெரும்பாலும் கொடுக்கிணைப்புப் பிசினாக இருக்கும். நண்டு தன் கொடுக்கால் இரையைக் கவ்வுவதுபோல உலோக அயனியைப் பல பக்கங்களிலிருந்தும் பற்றிக்கொள்வதால் இப்பெயர் வந்தது. இமினோடைஅசெட்டேட் தொகுதி ஒரு நைட்ரஜனாலும் இரண்டு ஆக்சிஜன்களாலும் செம்பு, ஈயம், நிக்கல், காட்மியம் ஆகியவற்றை இறுகப் பிடிக்கும். கால்சியத்தின்மீது அதன் பிடி தளர்ந்தது. பாதரசத்திற்கோ கந்தகம் கொண்ட பிசின்களே ஏற்றவை, ஏனெனில் பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் அத்தனை ஈர்ப்பு.

ஆய்வுக்கூடத்தில் இம்மணிகளின் முதன்மையான பயன் தூய்மைப்படுத்துவதைவிட, அளப்பதற்கு உதவுவதே ஆகும். ஆற்றின் முகத்துவார நீரில் உப்பு மிகுந்தும் ஈயம் மிகக் குறைந்தும் இருப்பதால், கருவியில் நேரடியாகச் செலுத்தினால் உப்பே அளவீட்டைக் குலைத்துவிடும். எனவே நீரின் பி.எச். அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 5 அல்லது 6 ஆகச் சரிசெய்து, ஒரு லிட்டரை மணிகள் நிரப்பிய குழாய் வழியே மெல்ல இறக்கி, ஒட்டியிருக்கும் கால்சியத்தை அம்மோனியம் அசெட்டேட்டால் கழுவிவிட்டு, பின்னர் 10 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தால் உலோகத்தை இறக்குவார்கள். உலோகம் முழுவதும் அந்த 10 மில்லிலிட்டரில் வந்துவிட்டால் அதன் செறிவு நூறு மடங்காகியிருக்கும். அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் முதலில் பி.எச். சரிசெய்தலும் இறுதியில் அமிலமும் தேவைப்படுகின்றன.

ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். மணிகள் கரைந்த உலோகத்தைத்தான் பிடிக்கும். சேற்றுத் துகளில் ஒட்டியது பிடிபடாது. ஆகவே ஆற்றின் அடிச்சேற்றையும் மட்டிகளையும் ஆராய, முதலில் அவற்றை வலிய அமிலத்தில் கரைத்துச் செரிக்கச் செய்ய வேண்டும். ஆர்செனிக், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆகியவை நீரில் எதிர்மின் அயனிகளாகவோ மின்சுமையற்றோ இருப்பதால், இந்தக் கொடுக்குகள் அவற்றைத் தொடவே தொடா.

கெராங்கைப் பற்றிச் சொல்வதானால், அதில் சேர்ந்த உலோகம் சதையிலுள்ள புரதங்களோடு பிணைந்துவிட்டது. ஊறவைப்பதாலும் கொதிக்க வைப்பதாலும் அது போகாது. பாதுகாப்பு என்பது அது வளர்ந்த சேற்றின் தூய்மையில்தான் இருக்கிறது. வீட்டுக் குடிநீரில் ஈயம் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பிறகு, ஈயத்தை நீக்குவதாக என்.எஸ்.எஃப். (அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு) 53 தரச்சான்று பெற்ற வடிகட்டியைக் கேட்டு வாங்குங்கள். 42 என்ற எண், குளோரின், சுவை, மணம் ஆகியவற்றுக்கானது; கடையில் இரண்டையும் குழப்பிச் சொல்வார்கள்.

கேள்வி: பிடிக்கப்பட்ட உலோகம் பிறகு எங்கே போகிறது?
– ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: எங்கும் மறைந்துபோவதில்லை. மணிகளை அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் கழுவிய அமிலத்தில் செறிந்த உலோகம் இருக்கிறது. முலாம் பூசும் ஆலைகளில் அதிலிருந்து செம்பையும் நிக்கலையும் மீட்டெடுக்க வழியுண்டு, அதுவே நான் மிகவும் விரும்பும் முறை. மீட்க இயலாத நச்சுக் கழிவை மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் அதன்கீழ் வந்த 2005ஆம் ஆண்டு விதிமுறைகளும் கட்டுப்படுத்துகின்றன. அதை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். சாக்கடையில் கொட்டினால், ஆற்றிலிருந்து எடுத்ததை நூறு மடங்கு செறிவாக்கி மீண்டும் ஆற்றிலேயே விட்டதாகும்.