100-ஐ விட 95 பெரிது என்கிறதா பைத்தான்?

கேள்வி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் யார் என்று பார்க்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு மாதம் சரியாக ஓடியது. இப்போது ஒருவர் 100 எடுத்திருக்கிறார். ஆனால் 95 எடுத்தவரையே முதல் என்று காட்டுகிறது. பயிற்சி மையத்தில் கேட்டால், "பைத்தானில் அப்படித்தான் வரும். 15,000 ரூபாய் கட்டி அட்வான்ஸ்டு கோர்ஸில் சேர்" என்கிறார்கள். சேரட்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு சொல் திருத்தத்துக்கு 15,000 ரூபாயா? கேட்கவே வயிறு எரிகிறது.

உங்கள் > குறியில் தவறில்லை. அதன் இருபுறமும் நிற்பவை எண்களே அல்ல. பைத்தான் 3-இல் இன்புட் (input) என்ற கட்டளை வழியாக எதை அடித்தாலும் அது எழுத்துச் சரமாகத்தான் (ஸ்ட்ரிங், அதாவது வரிசையாகக் கோத்த எழுத்துகள்) உள்ளே போகும். சரங்களை ஒப்பிடுவது அகராதி முறை. ‘அரசமரம்’ எவ்வளவு நீளமாக இருந்தாலும் அகராதியில் ‘ஆடு’க்கு முன்னால்தானே வருகிறது? முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இங்கும் அப்படித்தான். 1 என்ற எழுத்துக்குக் கணினியில் குறியெண் 49, 9-க்கு 57. எனவே 95 ஜெயித்துவிட்டது. பின்னால் இருக்கும் இரண்டு சுழியங்களையும் அது பார்ப்பதே இல்லை.

ஒரு மாதம் சரியாக ஓடியதற்குக் காரணம், எல்லாரும் இரண்டு இலக்கத்தில் எடுத்ததுதான். 10 முதல் 99 வரை அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றே. வெறும் 8 எடுத்த ஒருவர் இருந்திருந்தால் 75-ஐத் தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்திருப்பார்.

சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் (int) என்பதற்குள் இன்புட்டை அடைப்புக்குறி போட்டு வையுங்கள்: int(input()). அரை மார்க் உண்டென்றால் இன்ட்டுக்குப் பதில், தசம எண்ணாக மாற்றும் ஃபுளோட் (float). வேலை முடிந்தது.

இந்தத் தவறு உங்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பல மையங்களில் கைமாறும் ஜெராக்ஸ் நோட்ஸ் பைத்தான் 2 காலத்தவை. அதில் இன்புட் அடித்ததை எண்ணாகவே தந்தது, இன்ட் தேவைப்படவில்லை. பைத்தான் 3 வந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நோட்ஸை மட்டும் யாரும் மாற்றவில்லை. வேறு சிலர், அடித்ததைப் பைத்தான் கட்டளையாகவே இயக்கும் ஈவாலைக் (eval) காட்டி, ‘ஈவால் போடு, சரியாகிவிடும்’ என்பார்கள். போடாதீர்கள். அடிப்பவர் எண்ணுக்குப் பதில் ஒரு கட்டளையை அடித்தால் அதையும் அது நிறைவேற்றிவிடும்.

இரண்டும் சமமா என்று பார்க்கும் == குறியிலும் கவனம் வேண்டும். சரத்தையும் எண்ணையும் > போட்டு ஒப்பிட்டால் பைத்தான் 3 பிழை காட்டி நின்றுவிடும், நல்லது. == போட்டால் நிற்காது, சத்தமில்லாமல் ‘பொய்’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் இன்ட் போடக் கிளம்பிவிடாதீர்கள். பதிவு எண் சரமாகவே இருக்கட்டும். 0417 என்பதை இன்ட்டுக்குள் போட்டால் 417 ஆகிவிடும். பிறகு ஹால் டிக்கெட்டில் இருக்கும் 0417-உடன் அது பொருந்தாது. செல்பேசி எண்ணும் அப்படியே. கூட்டிக் கழிக்காத எண், எண்ணே அல்ல. பெயர் மாதிரிதான். பதிவு எண்கள் எல்லாம் ஒரே நீளமாக, முன்னால் சுழியம் நிரப்பி இருந்தால் அகராதி முறையே அவற்றைச் சரியாக வரிசைப்படுத்திவிடும். 0095 என்பது 0100-க்கு முன்னால்தான் வரும்.

தேர்வில் ஆறு ஒப்பீட்டுச் செயற்குறிகளையும் அட்டவணை போடச் சொல்லி மார்க் தருகிறார்கள். அட்டவணை போட்ட பிள்ளைகளிடம் 9-ஐயும் 10-ஐயும் அடித்துப் பார்க்கச் சொல்ல ஒரு லேப் வகுப்பில் ஐந்து நிமிடம் கிடைக்காதா? ரெக்கார்டு நோட்டில் கோடு போடவே நேரம் போய்விடுகிறது.

திருத்தியபின் 8, 75, 100 மூன்றையும் வரிசை மாற்றி மாற்றி அடியுங்கள். எப்படி அடித்தாலும் 100 மேலே வர வேண்டும்.