கேட்டால் சொல்வேன்: கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே "நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில்" என்று எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த வாரம் மொபைல் சூடாவது, வைஃபை வராதது எல்லாம் கிடையாது. இருபது வருஷத்துக்கு முந்தைய கதை மட்டும்தான். வழக்கம்போலப் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி: தமிழ் வலைப்பதிவுகள் (ப்ளாக்) பற்றி ஆய்வு செய்கிறேன். 2004, 2005-இல் எழுதிய யாரிடம் பேசினாலும், என்ன எழுதினோம் என்பதைச் சொல்லாமல் "எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது" என்றே ஆரம்பிக்கிறார்கள். ஏன் இப்படி?

அவர்கள் சரியாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள்தான் சீக்கிரம் அடுத்த கேள்விக்குப் போகப் பார்க்கிறீர்கள்!

மயிலாடுதுறையில் எனக்கு ஆறு தடுப்பு, ஆறு கம்ப்யூட்டர். மணிக்கு 20 ரூபாய். நாலில் விண்டோஸ் 98, இரண்டில் எக்ஸ்பி. 2004 கடைசியில் ஒரு தமிழாசிரியர் வந்தார். துண்டுச் சீட்டில் ஒரு முகவரி எழுதி வைத்திருந்தார். திறந்தால் பக்கம் முழுக்க கட்டம். "உங்க மெஷின் சரியில்லை தம்பி" என்றார். அடுத்த மெஷினில் உட்காரவைத்தேன். அங்கே எழுத்து தெரிந்தது, ஆனால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, பக்கத்திலேயே புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்கணுமே, பிழையான விடைத்தாள் கையில் கிடைத்த மாதிரி.

நடந்தது இதுதான். எழுத்தைக் கணினிக்குள் எண்ணாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர், எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கம் யுனிகோடு. கட்டம் தெரிந்தால், அந்த மெஷினில் யுனிகோடு தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பு இடம் மாறினால், எழுத்துரு இருக்கிறது, கோத்துக் காட்டும் நிரல் இல்லை. யுனிகோடில் 'கெ' என்பதை முதலில் 'க', அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிப்பார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது கணினியின் வேலை. 'கொ' என்றால் குறியை இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் வைக்கவேண்டும். எக்ஸ்பியில் அதற்கான சரக்கு உள்ளேயே இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிகள் பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கவேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள், 'தாய் உட்பட' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். தாய்லாந்து மொழிக்குத் தனியாகப் பெயர் சொல்லியிருந்தார்கள், தமிழுக்குச் சொல்லவில்லை. தாய் இருந்தது, தாய்மொழி இல்லை!

டிக் அடித்தால் உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். எனக்கு மெஷின் விற்ற கடைக்காரர் சிடி கொடுக்கவே இல்லை. ஏன் கொடுக்கவில்லை என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். கும்பகோணத்தில் ஒரு நண்பரிடம் கடன் வாங்கி, அதிலிருந்த ஐ386 என்ற ஃபோல்டரை அப்படியே டி டிரைவில் போட்டுவைத்தேன். சிடி கேட்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் வாத்தியாரின் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். அறுபது ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர் கொண்டுவந்த தலைவலிதானே.

இது படிப்பதற்கு மட்டும். எழுதுவது தனிக் கதை. யுனிகோடுக்கு முன்னால் தமிழில் ஆளுக்கொரு குறியாக்கம்: இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் உருவாக்கிய டிஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், ஈழத்தவரிடம் பரவியிருந்த பாமினி. பத்திரிகைகளோ தங்களுக்கென்று தனித்தனி எழுத்துரு வைத்துக்கொண்டன. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பூச்சி பறக்கும். கணினியில் தமிழ் அடிக்க, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற மென்பொருள் வந்தது. அப்புறம் முகுந்தின் எ-கலப்பை. ஆல்ட் விசையோடு 2-ஐத் தட்டினால் யுனிகோடு தமிழ், 1-ஐத் தட்டினால் ஆங்கிலம். இலவசம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பழைய எழுத்தையெல்லாம் யுனிகோடாக்கித் தந்தது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' என்று ஓர் எழுத்துரு செய்தார். பதிவின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) சில வரிகளை ஒட்டிவிட்டால், படிக்கிறவர் மெஷினில் தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டாலும் அது தானாகப் போய் இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான். ஆனால் என் நாலு விண்டோஸ் 98 மெஷினுக்கும் அதுதான் சோறு போட்டது. உமர்தம்பி 2006 ஜூலையில் காலமானார்.

அந்தக் காலத்தில் நன்றாக எழுதியவர்கள் நிறையப் பேர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் வலைப்பதிவு என்ற ஒன்றை உண்டாக்கியது எழுத்தாளர்கள் இல்லை. எழுத்தைத் தெரியவைத்தவர்கள். உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயத்தை இவர்களுக்குக் கொடுங்கள்.

சிவகங்கை: ப்ளாக் என்று பெயர் வைத்தது யார்? தமிழில் வலைப்பூவா, வலைப்பதிவா?

ஜார்ன் பார்ஜர் என்ற அமெரிக்கர் 1997 டிசம்பரில் 'வெப்லாக்' என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக 'வீ ப்ளாக்' என்று உடைத்துப் போட, 'ப்ளாக்' மட்டும் நின்றுவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம், ப்ளாக் எழுத இடம் தரும் ப்ளாகரைத் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது.

தமிழில் இரண்டும் ஓடின. வலைப்பூ கேட்க அழகு. ஆனால் பூ எழுதினேன், பூ போட்டேன் என்று சொல்ல முடியாதே. பதிவு எழுதினேன், பதிவு போட்டேன் என்று சொல்லலாம். அதனால் பதிவு ஜெயித்தது. எனக்கு அதைவிடப் பிடித்த சொல் பின்னூட்டம், படித்தவர்கள் கீழே எழுதும் கருத்து.

ஈரோடு: 'திரட்டி' என்றால் என்ன? என் மாமா இன்னும் "தமிழ்மணத்துல சூடான இடுகையில வந்தவன்டா நான்" என்கிறார்.

மாமாவை மரியாதையாக நடத்துங்கள். பதிவில் எழுதிப் போடும் ஒவ்வொன்றும் ஓர் இடுகை, அதிகம் பேர் படித்தவற்றின் பட்டியல்தான் சூடான இடுகைகள். அதில் வருவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

ஒவ்வொரு பதிவும் ஒரு ஓடை வைத்திருக்கும். ஆர்எஸ்எஸ் என்பார்கள். புதிதாக ஏதாவது எழுதினால் தலைப்பும் முதல் சில வரிகளும் அந்த ஓடையில் வந்து விழும். பல நூறு ஓடைகளை ஓர் இடத்தில் சேர்த்துக் காட்டுவது திரட்டி. தமிழில் அப்படி முதலில் பெரிதாக எழுந்தது தமிழ்மணம், காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கியது. காலையில் டீக்கடைக்குப் போகிற மாதிரி எல்லோரும் அங்கேதான் போவார்கள். சிங்கப்பூர்க்காரர், டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், சென்னையில் ஆபீசில் வேலை பார்ப்பதுபோலப் பாவனை செய்பவர், எல்லோரும் ஒரே பெஞ்ச்.

அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. புதிய பின்னூட்டம் விழுந்த இடுகை மறுபடி முகப்புக்கு வரும். நல்ல எண்ணத்தில் செய்தது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? தன் பதிவில் தானே "சோதனை" என்று ஒரு பின்னூட்டம் போட்டார்கள். நண்பர்களைக் கூட்டிவந்து கும்மி அடித்தார்கள். "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர், "ரிப்பீட்டேய்" என்று இன்னொருவர், வடிவேலு பாணியில் "அவ்வ்வ்வ்" என்று மூன்றாமவர். இடுகையில் இரண்டு வரிதான் இருக்கும், கீழே நூறு பின்னூட்டம். கடைசியில் திரட்டிக்காரர்கள் பின்னூட்டத்துக்கு உயரெல்லை வைத்தார்கள். அது நியாயமா என்று பத்து இடுகை வந்தது. அந்தப் பத்துக்கும் கும்மி.

பொற்காலம் என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதிச் சண்டை, பெயர் சொல்லாத அனானிகளின் வசவு, அடுத்தவர் பெயரில் போலிப் பதிவு எல்லாம் அன்றைக்கே அமோகமாக இருந்தது. என் சென்டரில் பதிவு எழுத வந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த வசவு தாங்காமல் மூன்றே மாதத்தில் நிறுத்திவிட்டார். நன்றாக எழுதியவர்.

திண்டுக்கல்: இந்தியாவில் ஒருமுறை ப்ளாக்ஸ்பாட்டையே தடை செய்தார்களாமே, உண்மையா?

தடை செய்ய நினைத்தது ஒன்று, ஆனது வேறொன்று. ப்ளாகரில் எழுதியதை வாசகர்கள் படிக்கும் முகவரிதான் ப்ளாக்ஸ்பாட். 2006 ஜூலை 11-இல் மும்பை ரயில்களில் குண்டு வெடித்தது. அதற்குச் சில நாட்களில் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து இணைய நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் போனது. இருபதுக்கும் குறைவான முகவரிகள். அவற்றில் சில ப்ளாக்ஸ்பாட் பக்கங்கள். குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் மூடத் தெரியாமலோ, மெனக்கெட மனமில்லாமலோ, பல நிறுவனங்கள் மொத்த ப்ளாக்ஸ்பாட்டையும் மூடிவிட்டன. அதேபோல இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீசும் டைப்பேடும் கூடவே போயின. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்திய கதை.

வேடிக்கை என்னவென்றால், எழுதும் இடமான ப்ளாகர் திறந்தே இருந்தது. எழுதலாம், வெளியிடலாம், வெளியிட்டதைப் பார்க்கத்தான் முடியாது. என்னிடம் வந்தவர்கள் "காசைத் திருப்பிக் கொடு" என்றார்கள். அப்போது காப்பாற்றியது பிகேப்ளாக்ஸ் என்ற மாற்றுவழி. அந்த வருஷத் தொடக்கத்தில் பாகிஸ்தானில் ப்ளாக்ஸ்பாட்டை முடக்கியபோது அங்கே உருவாக்கியது அது. நான் அந்த முகவரியை அட்டையில் எழுதி ஆறு மானிட்டர் மேலும் ஒட்டினேன். சில நாளில் அரசே "நாங்கள் சொன்னதை மட்டும் மூடுங்கள்" என்று சொல்லி ஒருவழியாகத் திறந்தது.

கடலூர்: ப்ளாக்கால் யாருக்காவது நடைமுறையில் உதவி உண்டா?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! 2004 டிசம்பர் சுனாமி வந்த உடனேயே பீட்டர் கிரிஃபின், டினா மேத்தா, ரோஹித் குப்தா ஆகியோர் ப்ளாக்ஸ்பாட்டில் 'சுனாமி ஹெல்ப்' என்று ஒரு பக்கம் திறந்தார்கள். எங்கே என்ன தேவை, யாரைக் கூப்பிடுவது, காணாமல் போனவர்கள் யார் என்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் இரவு பகலாக அதில் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சென்னை: ஜிமெயில் அழைப்புக்குக் காசு கொடுத்தார்கள் என்பது கட்டுக்கதைதானே?

இல்லை. 2004 ஏப்ரல் 1-இல் ஒரு ஜிபி என்று அறிவித்தபோது முட்டாள்தின விளையாட்டு என்றே பலரும் நினைத்தார்கள். ஹாட்மெயிலில் அப்போது 2 எம்பி, யாகூவில் 4. உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் கணக்கு என்பதால் இபேயில் அழைப்பை ஏலம் விட்டார்கள். நான் ஒருவருக்கு ஓர் அழைப்பைக் கொடுத்து ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கும் நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன்.

புதுக்கோட்டை: என் அப்பா 2004 முதல் 2009 வரை ப்ளாக்ஸ்பாட்டில் எழுதினார். போன வருஷம் இறந்துவிட்டார். கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. அதைப் பத்திரப்படுத்த வழி உண்டா? முதல் சில மாதங்களின் இடுகைகள் வெறும் கிறுக்கல் குறிகளாகத் தெரிகின்றன.

இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள் அம்மா. இரண்டு வருஷம் நுழையாத கணக்கை நீக்கிவிடலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாகூ மூடியபோது எத்தனையோ பேருடைய பக்கங்கள் போயின.

கடவுச்சொல் இல்லாமலே செய்யலாம். பதிவின் ஓரத்தில் வருஷம், மாதம் என்று காப்பகம் இருக்கும். ஒவ்வொரு இடுகையாகத் தனியே திறந்து, அச்சிடு என்பதைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுங்கள். மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், அதில் பின்னூட்டங்கள் வராது. இடுகையைத் தனியாகத் திறந்தால்தான் அவை கீழே இருக்கும். அதே முகவரியை, இணையப் பக்கங்களைப் பாதுகாத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்து 'சேமி' என்று சொல்லிவிடுங்கள், அங்கேயும் ஒரு பிரதி இருக்கும்.

முதல் மாதங்களின் கிறுக்கல், கெட்டுப்போனது இல்லை. உங்கள் அப்பா அப்போது டிஸ்கியில் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் குறிகளை அப்படியே நகல் எடுத்து, என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் ஒட்டி, டிஸ்கியிலிருந்து யுனிகோடு என்று கொடுங்கள். சரியாக வராவிட்டால் டாப் என்று மாற்றிப் பாருங்கள். முதலில் தலைப்பை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும், எது என்று தெரிந்துவிடும். அதிலும் முடியவில்லையென்றால் அந்தக் குறிகளில் ஒரு பத்தியை எனக்கு அனுப்புங்கள்.