பலகைத் தொட்டியில தண்ணி நிக்குமா?

கேள்வி: வணக்கம் சார். பையன் வளர்க்குற ரெண்டு ஆஸ்கார் மீனும் ஒரு அடிக்கு வளர்ந்திடுச்சு, மூணடி தொட்டில திரும்பக்கூட முடியாம கெடக்குதுங்க. ஆறடிக்குக் கண்ணாடித் தொட்டி விலை கேட்டா கட்டுப்படி ஆகல. எங்க ஆசாரி பிளைவுட்லயே அடிச்சுத் தர்றேன், முன்னாடி மட்டும் கண்ணாடி வெச்சுக்கலாம்ங்கிறார். நம்பலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நம்பலாம்மா. நாலடி வரைக்கும்னா கண்ணாடியே வாங்கிக்கோங்கன்னு சொல்லியிருப்பேன், ஆறடிக்கு மேல போறப்பதான் பிளைவுட்டுக்கு அர்த்தம் இருக்கு. ஆனா ஆசாரிகிட்ட வேலையக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு மனசுல இருக்கணும். 6க்கு 2க்கு 2 அடி தொட்டில கிட்டத்தட்ட 680 லிட்டர் தண்ணி நிக்கும், பின்பலகைய மட்டும் அந்தத் தண்ணி சுமார் 340 கிலோ அளவுக்கு வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். பலகை உடையாது, ஆனா லேசா வளையும். வளையுறப்ப மூலையில பூசுன பூச்சு தலைமுடி அளவுக்கு விரியும், அது போதும், தண்ணி உள்ள போயிடும். நான் பார்த்த வரைக்கும் பிளைவுட் தொட்டி ஒழுகுறது எல்லாமே இந்த அசைவாலதான், இல்லன்னா பூச்சுக்கு அப்புறம் போட்ட ஓட்டையால.

அதனால பலகை ஐஎஸ் 710 முத்திரை இருக்குற மரைன் பிளை, 19 எம்எம். 8க்கு 4 ஷீட் ரெண்டு வேணும். ஒட்டுறதுக்குப் பசை, அதோட 6 இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ, ஆணி வேண்டவே வேண்டாம். மேல் விளிம்புல சுத்தியும் ரீப்பர், நடுவுல ரெண்டு எடத்துல குறுக்குப் பட்டை, இது இல்லாம அடிச்சா நடுவுல வயிறு தள்ளிடும். முன்பலகைய வெட்டுறப்ப தனித்தனிப் பட்டையா ஒட்டாம ஒரே பலகையில ஜன்னல் மாதிரி வெட்டச் சொல்லுங்க. கண்ணாடி 12 எம்எம், அத உள்பக்கமா வெச்சு ஒட்டணும், அப்பதான் தண்ணியே கண்ணாடிய சட்டத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். சட்டத்து மேல கண்ணாடி ரெண்டு இஞ்சாவது ஏறி நிக்கட்டும். சிலிக்கான் வாங்குறப்ப பாத்ரூமுக்குன்னு பூஞ்சை மருந்து கலந்தது விப்பாங்க, அது மீனுக்கு ஆகாது, மீன் தொட்டிக்குன்னே இருக்கறத கேட்டு வாங்குங்க.

இனிமே பூச்சு. ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி, கரைப்பான் கலக்காதது. மூலைய எல்லாம் முதல்ல எபாக்சி புட்டி வெச்சு வளைவா உருட்டி, அது மேல நாலு இஞ்சு அகலத்துக்கு நெய்த கிளாஸ் ஃபைபர் துணிய எபாக்சில நனைச்சு ஒட்டணும், அசைவத் தாங்குறது அந்தத் துணிதான். அப்புறம் உள்பக்கம் முழுக்க மூணு கோட். நம்ம ஊர் வெயில்ல ஒரே மக்குல நிறைய கலக்காதீங்க, சூடேறி கையிலயே கட்டியாயிடும், ஒரு தடவைக்கு 200 மில்லி போதும். மழை நாள்ல அடிச்சா காலையில மேல மெழுகு மாதிரி ஒண்ணு படிஞ்சிருக்கும், வெறும் தண்ணில தேய்ச்சுக் கழுவி, உப்புத்தாள் போட்டுட்டுதான் அடுத்த கோட், இல்லன்னா உரிஞ்சு வரும்.

கடைசி கோட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்க்ரூ கூட உள்ள இறக்காதீங்க. என்னோட முதல் தொட்டில ஃபில்டர் பைப்பைப் பிடிக்க உள்பக்கமா ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டேன், எட்டு மாசத்துல அந்தப் பலகை உப்பி அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருச்சு, தொட்டியே போச்சு. பைப்பை மேல் விளிம்பு வழியாவே கொண்டு போங்க.

ரெண்டு வாரம் காயவிட்டு, வீட்டுக்கு வெளிய ரசமட்டம் பார்த்து வெச்சு, முதல்ல கால் தொட்டி, மறுநாள் அரை, அப்புறம் முழுசா நிரப்பி ஒரு வாரம் விடுங்க. அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு வெச்சா ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணி விட்டு, பழைய தொட்டில ஓடுன ஃபில்டரையே மாட்டி ஆஸ்காரை விடுங்க, நல்லா இருக்கும்.

கேள்வி: பக்கத்துல வள்ளத்துக்கு ஃபைபர் வேலை செய்றாங்க, அண்ணன் ஒருத்தர் ரெசினும் ஃபைபர் மேட்டும் (நார் விரிப்பு) சும்மாவே தர்றேன்னு சொல்றார். எபாக்சிக்குப் பதிலா அதப் பூசலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அது பாலியெஸ்டர் ரெசின் தம்பி. வள்ளத்துல ஃபைபரே சுவர், பலகைய நம்பி அது நிக்கல. பலகை மேல மெல்லிசா பூசுனா எபாக்சி அளவுக்கு மரத்தப் பிடிக்காது, கொஞ்ச நாள்ல தோல் மாதிரி கழண்டு வரும். அந்த அண்ணனே வந்து மேட்டு போட்டு மூணு அடுக்கு கனமா இழுத்துக் கொடுக்குறார்னா சரி, ஆனா அந்த நெடி சுத்தமா போற வரைக்கும் வெயில்ல வெச்சு, ரெண்டு மூணு தடவை தண்ணி நிரப்பிக் கொட்டணும். பாலியெஸ்டருக்குன்னு வர்ற அந்த வெட்டுநார் மேட்டை எடுத்து எபாக்சியோட சேர்க்காதீங்க, அதுல இருக்குற பசை எபாக்சில சரியா கரையாது, விறைச்சுக்கிட்டு நிக்கும்.

கேள்வி: எனாமல் பெயின்ட் அடிச்சு மூலைக்கு சிலிக்கான் போட்டு நானே செஞ்ச தொட்டி ரெண்டு மாசத்துல ஒழுகுது. மேலயே இன்னொரு தடவை சிலிக்கான் போட்டா நிக்குமா? (வாசகர், சேலம்)

பதில்: நிக்காதுங்க. காஞ்ச சிலிக்கான் மேல எதுவுமே ஒட்டாது, புது சிலிக்கானும் ஒட்டாது எபாக்சியும் ஒட்டாது. பிளேடு வெச்சு மொத்தத்தையும் சுரண்டி, பெயின்ட்டையும் மரம் தெரியுற வரைக்கும் தேய்ச்சு எடுத்து, பலகைய நல்லா காயவிடுங்க. தட்டிப் பாருங்க, சத்தம் பொக்குன்னு வந்தா அடுக்கு பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்தப் பலகைய மாத்தித்தான் ஆகணும். ஸ்ட்ராங்கா இருந்தா மேல கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன மாதிரி துணி வெச்சு எபாக்சில ஆரம்பிங்க, உங்க உழைப்பு வீணாகாது.

கேள்வி: ஆறடி பிளைவுட் தொட்டிய முதல் மாடி ஹால்ல வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: சாதாரணமா வீட்டுத் தளத்த ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு கணக்குப் போட்டுதான் கட்டுறாங்க. உங்க தொட்டி நிக்கிற எடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதுல தண்ணி மட்டுமே 680 கிலோ, மணல், ஸ்டாண்டு, பலகை எல்லாம் தனி. ஹால் நடுவுல கண்டிப்பா வேண்டாம். கீழ பீம் ஓடுற சுவரோரமா வைக்க முடியுமான்னு வீடு கட்டுன இன்ஜினியர்கிட்ட பிளான காட்டிக் கேளுங்க, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் பலகை வாங்கப் போகாதீங்க.