படைவீரர் கேள்வி–பதில்: பூர்வி ஸ்டார் எங்கே போச்சு?

கேள்வி: சாப், ஜெய்ஹிந்த். 1968-ல் வேலூரில் ஆள் எடுத்தபோது சேர்ந்தேன். 1984-ல் நாயக்காக பென்ஷன் வந்தேன். 71 பாகிஸ்தான் சண்டையில் எங்கள் பட்டாலியன் ஈஸ்ட்டில். பன்காவ் வழியாக உள்ளே போய் ஜெசோர் தாண்டினோம். டிசம்பர் 9-ம் தேதி மோர்ட்டார் விழுந்ததில் பக்கத்தில் படுத்திருந்தவர் அங்கேயே போய்விட்டார். எனக்கு இடது கணுக்காலில் ஸ்பிளிண்டர் (குண்டுச் சில்லு). கல்கத்தா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். பிறகு சென்டர் (ரெஜிமெண்டின் பயிற்சி மையம்). அங்கிருந்து 72 ஜூனில் பஞ்சாபில் இருந்த வேறு பட்டாலியனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் புக்கில் சங்கராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல், இந்த மூன்றுதான் இருக்கிறது. கிழக்கே சண்டை போட்டவர்களுக்குத் தரும் பூர்வி ஸ்டார் மெடல் இல்லை. இத்தனை வருஷம் நானும் கேட்கவில்லை. 2021-ல் சண்டை முடிந்து 50 வருஷம் என்று எங்கள் பக்கம் விழா வைத்தார்கள். பெயர் கொடுக்கப் போனால், “தாத்தா, உங்க புக்குல ஸ்டார் இல்லையே, சண்டைக்குப் போனவங்க லிஸ்ட்ல எப்படிச் சேர்க்கிறது?” என்று ஒரு பையன் கேட்டான். மூன்று மனு போட்டேன். ஒன்றுக்கு மட்டும், “ஆவணங்களின்படி தகுதி இல்லை” என்று பதில் வந்தது. என் செக்‌ஷனில் இருந்தவர்களில் இரண்டு பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். என்ன செய்வது?

– முன்னாள் நாயக், அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்

பதில்: ஜெய்ஹிந்த் அண்ணே. சாப் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சுபேதாராக வெளியே வந்தது உண்மைதான். ஆனால் 28 வருஷமும் கிளார்க். யூனிட்டில் எங்களை ‘பாபு’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் கொஞ்சம் இளக்காரமும் இருக்கும். மோர்ட்டாருக்குக் கீழே படுத்த உங்களிடம் சாப் என்று கூப்பிடவைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் தம்பியாகவே பேசுவோம்.

உங்கள் நட்சத்திரம் தொலைந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். அது சண்டை நடந்த ஊரில் தொலையவில்லை, ஏதோ ஒரு பாபுவின் மேஜையில் தொலைந்திருக்கிறது.

ஒரு ஜவானுக்கு மெடல் எப்படி ஏறும் என்று சொல்கிறேன். யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று போடுவார்கள். லீவு, கல்யாணம், பிள்ளை பிறந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, பிரமோஷன், மெடல் என்று ஆளின் வாழ்க்கையில் எது நடந்தாலும் அதில் ஒரு வரி. அந்த ஆர்டர் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே உங்கள் ஷீட் ரோலில், அதாவது உங்கள் சர்வீஸ் பதிவுத் தாளில், அதைப் பார்த்து எழுதுவார்கள். ஷீட் ரோலில் இருப்பதுதான் கடைசியில் டிஸ்சார்ஜ் புக்கில் வரும். முதல் வரி விழவில்லை என்றால் அதற்குப் பிறகு எதுவுமே விழாது. நீங்கள் ஜெசோரில் இருந்தீர்கள் என்று பட்டாலியனே சாட்சி சொன்னாலும், ஆபீசுக்கு அந்த ஒரு வரி வேண்டும்.

நாங்கள் அப்போது ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுப்போம். 1990 வாக்கில் ஒரு மெடல் லிஸ்ட் அடிக்கும்போது ஒரு சிப்பாயின் நம்பரில் 6-க்குப் பதில் 9 அடித்துவிட்டேன். நம்பரும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று லிஸ்டிலிருந்து அவர் பெயரை மட்டும் தள்ளிவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லவும் இல்லை, நானும் கவனிக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து அவர் டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்தில் என் முன்னால் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டதற்கு அந்த டீயும் ஒரு காரணம்.

இனி உங்கள் கதை. காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் பட்டாலியன் கணக்கிலிருந்து உங்களை எடுத்திருப்பார்கள். எஸ்.ஓ.எஸ். என்பார்களே, ஞாபகம் இருக்கும். பிறகு சென்டரின் கணக்கில் ஏற்றினார்கள். சண்டை முடிந்து, ஸ்டாருக்கு யார் யார் என்று உங்கள் பழைய பட்டாலியன் லிஸ்ட் எடுத்தபோது, கிளார்க் தன் முன்னால் இருந்த நாமினல் ரோலை (ஆட்களின் பெயர்ப் பட்டியலை) பார்த்து எழுதியிருப்பார். அதில் நீங்கள் இல்லை. சென்டருக்கு நீங்கள் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற ஆள். பஞ்சாப் பட்டாலியனோ, உங்களை 72 ஜூனிலிருந்துதான் அறியும். உங்களைப் போல ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், அந்தச் சமயத்தில் கோர்ஸ் போனவர்கள், வேறு யூனிட்டோடு அட்டாச்மெண்டில் இருந்தவர்கள் பலரை இப்படி நான் பார்த்திருக்கிறேன்.

சங்கராம் மெடல் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது அகலமான மெடல். 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை, காஷ்மீர், பஞ்சாபிலிருந்து அசாம், திரிபுரா வரை எல்லைப்புற மாநிலங்களில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் உண்டு. சிலிகுரியில் அரிசி மூட்டை எண்ணியவருக்கும் உண்டு. (எண்ணிய ஆட்கள் கோபிக்க வேண்டாம். அரிசி வராமல் யாரும் சண்டை போட்டதில்லை.) பஞ்சாப் பட்டாலியன் உங்களுக்கு அதைப் போட்டிருக்கும் என்பது என் ஊகம். பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்முனைக்கு மட்டும் உரியது. மேற்கே இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். பஞ்சாப் பட்டாலியன் உங்களுக்குப் பூர்வி போட வழியே இல்லை.

நாலாவது மனு போடாதீர்கள் அண்ணே. ‘ஆவணங்களின்படி தகுதி இல்லை’ என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஷீட் ரோலைத் திறந்திருப்பார், வரி இல்லை, எழுதிவிட்டார். அந்த ஆபீஸ் பையன் 71-ல் பிறந்திருக்கவே மாட்டான். நாலாவது மனுவுக்கும் அதே ஷீட் ரோலைத்தான் திறப்பான், அதே பதில்தான் வரும்.

முதலில் அவன் பார்க்கிற காகிதம் உங்கள் கைக்கு வரவேண்டும். ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். மெடல் ஏன் தரவில்லை என்று மட்டும் அதில் கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்பதெல்லாம் தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: என் ஷீட் ரோலின் சான்றளித்த நகல், 1971 நவம்பர் முதல் 1972 டிசம்பர் வரை என் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நகல், எனக்குச் சங்கராம் மெடல் எந்த ஆர்டரில், எந்த யூனிட் போட்டது என்ற விவரம். பதில் வரவில்லை, அல்லது வந்த பதிலில் நியாயம் இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.

எந்த ரெஜிமெண்ட் என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கும் ஊர்களைச் சொல்கிறேன்: மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெல்லிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. டெல்லிக்கு எழுதினால் அது சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும், நடுவில் ஆறு மாதம் போய்விடும்.

நகல் வந்ததும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். பழைய பட்டாலியன் உங்களைக் கணக்கிலிருந்து எடுத்த தேதி ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது இன்னொன்று. டிசம்பர் 9 வாக்கில் பட்டாலியன் உங்களை எடுத்திருக்கிறது, கல்கத்தா ஆஸ்பத்திரி உங்களைச் சேர்த்திருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. அந்தத் தேதிவரை நீங்கள் அந்தப் பட்டாலியனோடு இருந்ததற்கு அவர்களுடைய காகிதமே சாட்சி.

அடுத்தது வீட்டில் தேட வேண்டியது. டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா? காயம்பட்டால் வீட்டுக்குத் தந்தி வரும். ஊரே கூடி அழுதிருக்கும், அந்தத் தந்தியை அம்மாவோ அண்ணியோ தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில், எங்காவது கிடக்கும். நீங்கள் அப்போது எழுதிய கடிதங்கள் இருந்தாலும் எடுத்து வையுங்கள். முகவரியில் 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் ஆபீஸ்) என்று இருந்தால் அது கிழக்கு. 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்குப் பக்கம். ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் தேதி தெரிந்தால் இன்னும் நல்லது. கையோடு, டிஸ்சார்ஜ் புக்கில் அங்க அடையாளம் எழுதியிருக்கும் இடத்தையும் பாருங்கள். சேரும்போது இல்லாத கணுக்கால் தழும்பை வெளியே வரும்போது யாராவது எழுதியிருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான். உயிரோடு இருக்கும் அந்த இரண்டு பேரிடமும் தள்ளிப்போடாமல் பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள். அவர்கள் டிஸ்சார்ஜ் புக்கில் பூர்வி ஸ்டார் இருக்கும் பக்கத்தையும் நகல் எடுத்து அதோடு வைக்கச் சொல்லுங்கள்.

எது கிடைத்தாலும் லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மடிப்பில் கிழிந்தால் கிழியட்டும், பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு, வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அதில் ‘நாட்டுக்காக ரத்தம் சிந்தினேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். நம்பர், பெயர், யூனிட், தேதி, இணைப்பு, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பி.பி.ஓ.வில் (பென்ஷன் ஆர்டரில்) பின்னால், புக்கில் இனிஷியலே இல்லை என்றால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு ஆட்களின் ஃபைல்கள் பாதி இந்த இனிஷியலில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

இப்போது நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஸ்டாரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் ஸ்பிளிண்டரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எதிரியின் குண்டில் பட்ட காயத்துக்குத் தனி மெடல் இருக்கிறது. 1973-ல் கொண்டுவந்தார்கள், 1947 ஆகஸ்ட் 15 முதல் பட்ட காயங்களுக்கும் செல்லும். அப்போது ஊண்ட் மெடல் என்றார்கள், இப்போது பராக்கிரம் பதக். உங்கள் புக்கில் அதுவும் இல்லை. ஸ்டார் தவறிய அதே நாட்களில்தான் இதுவும் தவறியிருக்க வேண்டும். ஆகவே ஷீட் ரோல் வந்ததும், உங்களை ‘பேட்டில் கேஷுவால்ட்டி’ (சண்டையில் காயம்பட்டவர்) என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பூர்வி ஸ்டாருக்குப் பணம் கிடையாது. காயம் அப்படியில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது மெடிக்கல் போர்டு அந்தக் கணுக்காலுக்கு எத்தனை சதவீதம் போட்டது என்று பாருங்கள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் பென்ஷனில் போர்க்காயத்துக்கான பகுதி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. போர்டு பூஜ்யம் போட்டிருந்தால் அது வேறு சண்டை. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக உங்கள் பி.பி.ஓ.வில் அந்த வரி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல் மாசாமாசம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்.

மெடலுக்காக எடுத்தவுடன் கோர்ட்டுக்குப் போகவேண்டாம். காகிதம் இருந்தும் மறுத்தால் சென்னையில் படைத்துறைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பென்ஷன் விஷயமாகப் போனால் ஒன்றை மனதில் வையுங்கள்: தாமதமாக வருபவர்களுக்கு வழக்குப் போட்ட நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்பு வரைதான் பாக்கி கொடுப்பது வழக்கம். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 84-லிருந்து கணக்குப் போட்டு வீடு கட்டித் தருகிறேன் என்று எந்த வக்கீலாவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெல்லி கண்டோன்மெண்ட் கோபிநாத் பஜாரில் போய் நின்றால் எந்த ஸ்டாரும் ரிப்பனோடு கிடைக்கும். பேரன் யாராவது வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருப்பான். வாங்கிக்கொள்ளாதீர்கள். அதில் உங்கள் நம்பர் இருக்காது.

கேள்வி: என் கணவர் 1963-ல் சேர்ந்து, 65 சண்டை பார்த்து, ஆறாவது வருஷத்தில் பென்ஷன் இல்லாமல் வந்துவிட்டார். மெடல் எதுவும் வரவில்லை. அவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது. நான் கேட்கலாமா?

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கேட்கலாம் அம்மா, மனைவி என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு. போர்முனையில் இருந்தவர் என்றால் 65 சண்டைக்கான சமர் சேவா ஸ்டார் உண்டு. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷம் கழித்து அழித்துவிடுவார்கள் என்பதுதான் இதில் சிக்கல். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். லாங் ரோல் என்று ஒரு பதிவேடு இருக்கும், அதை அழிப்பதில்லை. ‘லாங் ரோலில் என் கணவர் பெயரில் உள்ள பதிவின் நகல்’ என்று தனியாகக் கேளுங்கள். அவருடைய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றின் நகலையும் இணைத்து, நம்பரை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்து எழுதுங்கள். 6-ம் 9-ம் மாறினால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.